ஒரு நட்சத்திரத்துக்கு நாலு சரி

நான் ஒரு நட்சத்திரத்தை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தது பகல் பன்னிரண்டரை மணிக்கு. மாங்குளத்தில், ஏ-ஒன்பது வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த தையல் கடையில், சோற்றுப் பெட்டியை மூடி, கை கழுவின ஈரம் காய முதல் பார்த்தேன். அது நட்சத்திரம் மாதிரியே இருக்கவில்லை. போன் திரையில் கறுப்புக்கு மேல் வெள்ளைப் புள்ளிகள். நூல் கோர்க்காத ஊசியால் தகரத்தில் குத்திக்கொண்டு போனதுபோல, இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் வரை ஒரு வரிசை. இதுதான் நட்சத்திரம் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

இன்னொரு நட்சத்திரத்தின் எண் இன்றைக்கும் என் அளவுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. யாருடைய தோள் அளவோ கை அளவோ எழுத வேண்டிய இடத்தில் அதை எழுதி வைத்திருக்கிறேன். அது நாங்கள் நாலு பேரும் சேர்ந்து கண்டுபிடித்த நட்சத்திரம். சேர்ந்து கண்டுபிடித்ததுதான் பிழையாகவும் போனது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நாலு மெசின், நாலு பேர். கடைக்குச் சொந்தக்காரியைக் கடையக்கா என்போம். வெட்டும் மேசை அவாவுடையது. கைவேலை, பட்டன், கொக்கி எல்லாம் ராத்தா. அக்காவை ராத்தா என்பது முஸ்லிம் ஆட்களின் வழக்கம். அவா முல்லைத்தீவுப் பக்கம். சிறுபிள்ளையில் புத்தளத்துக்குப் போய், கலியாணம் முடித்துத் திரும்பி வந்தவா. எங்களில் வயது குறைந்தவள் சின்னவள். அவளுக்கு வாய் மட்டும் பெரிது. நாலாவது ஆள் நான். கண்டாவளையில் பிறந்து, கலியாணத்தோடு மாங்குளத்துக்கு வந்தவள். சின்னவள் எனக்கு வைத்த பெயர் பயத்தக்கா.

அவளைக் குறை சொல்ல இயலாது. வீட்டைப் பூட்டிவிட்டு ஒழுங்கை முனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். பின்னேரம் கடை மூட முதல் எல்லா ஊசியையும் எண்ணுவேன். ஒன்று குறைந்தால் மெசினுக்குக் கீழே படுத்துத் தேடுவேன். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றின் வெள்ளைச் சட்டைக்குள் அது போயிருந்தால் என்ன செய்வது? ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. இடம்பெயர்ந்து போன இடங்களில் பள்ளிக்கூடம் இருந்தபோது கொப்பி இருக்கவில்லை. கொப்பி கிடைத்தபோது எனக்கு வயது தாண்டிவிட்டது. படிக்காத ஆளுக்கு ஒரு பயம் கூடவே இருக்கும். எல்லாருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று தனக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறதோ என்ற பயம். அது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. அது வந்ததும் என்னால்தான். சேர்ந்து கொஞ்ச நாளில் ஒரு கூறைச்சட்டையை வெட்டத் தந்தார்கள். கூறையோடு ஒட்டி வருகிற துணி அது. கெட்டுப்போனால் வேறு வாங்க இயலாது. நான் அளவைச் சரியாக எடுத்து, சோக்கால் சரியாகக் கீறி, கீறின கோட்டிலேயே வெட்டிவிட்டேன். தையலுக்கென்று விடவேண்டிய துணியை விடவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்த பிறகுதான் தெரிந்தது. அவர்கள் வந்து கேட்கும் வரை காத்திருக்க இயலவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு மணப்பெண் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டேன். தாய் கிழி கிழியென்று கிழித்தா. பிறகு சீலையின் உள்முனையில் ஒரு துண்டெடுத்துக் கைக்குள் கொடுத்துச் சமாளித்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை. கலியாணப் படத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு கடையக்கா சொன்னா, "இனி இந்த மேசையில ஒருத்தரும் தனிய வெட்டக்கூடாது. நாலு பேரும் வந்து அளந்து பாத்து, நாலு பேரும் சரி எண்டு வாயால சொன்னாப் பிறகுதான் கத்தரிக்கோல்."

அப்படியே நடந்தது. யாராவது வெட்டப்போனால் "சரியோ?" என்று ஒரு குரல் வரும். மற்ற மூன்று மெசினும் நிற்கும். அளவுநாடாவோடு போய் ஒவ்வொருவராகப் பார்த்து, "சரி", "சரி", "சரி". எனக்கு அது பெரிய ஆறுதல். பிழை என்றால் நாலு பேருக்கும் பிழை. தனியாக மாட்டமாட்டேன்.

கடையக்காவின் மகள் கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், பௌதிகம் படித்தாள். ஏதோ பகிஷ்கரிப்பு என்று கம்பஸை மூடியிருந்த நாட்களில் கடைக்கு வந்து தாயின் கதிரையில் இருந்து போனை நோண்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சின்னவள் எட்டிப் பார்த்தாள்.

"உதென்னடி, எறும்பு ஊருற மாதிரி?"

"இது ஒரு நட்சத்திரத்தின்ர வெளிச்சம். மேல ஒரு செய்மதி நிக்குது, பூமியைச் சுத்துற விண்கலம். அது ஒரு பக்கத்தையே ஒரு மாதத்துக்குக் கிட்டப் பாத்துக்கொண்டு நிண்டு, வெளிச்சம் எவ்வளவு எண்டு திரும்பத் திரும்ப அளந்திருக்கு. இந்தப் பக்கம் முதல் நாள், அந்தப் பக்கம் கடைசி நாள்."

"அப்ப நடுவில என்ன ஓட்டை?" என்று நான் கேட்டேன். வரிசையின் நடுவில் புள்ளியே இல்லாமல் ஒரு இடம் வெறுமையாகக் கிடந்தது.

"அது எடுத்ததுகளைக் கீழ அனுப்புறதுக்கு செய்மதி திரும்பிற நேரம், அன்ரி. அப்ப அதால நட்சத்திரத்தைப் பாக்கேலாது."

ராத்தா பட்டனைப் பல்லில் வைத்துக்கொண்டே சொன்னா, "அதுவும் எங்களப்போல சோத்துக்குப் போறதாக்கும்."

அந்தச் செய்மதி அனுப்புகிற படங்கள் கணக்கில்லாமல் குவிந்து கிடக்கின்றன என்று பிள்ளை சொன்னாள். ஒரு நட்சத்திரத்தைச் சுற்றுகிற கோள் அதற்கு முன்னால் கடக்கும்போது வெளிச்சம் ஒரு துளி குறையும். அப்படிக் குறைகிற இடத்தைக் கணினியும் தேடுகிறது. ஆனால் திரும்பத் திரும்ப வருகிறதைத்தான் அது நன்றாகப் பிடிக்கும். ஒரேயொரு முறை வந்து போனால் விட்டுவிடும். அதனால் ஆராய்ச்சி செய்கிறவர்கள் படங்களை இணையத்தில் போட்டு, யார் வேண்டுமானாலும் பார்த்துக் குறிக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். படித்தவர், படிக்காதவர் என்ற கேள்வி இல்லை.

"எங்களுக்கும் ஏலுமோ?" என்று கடையக்கா கேட்டா.

"ஏன் ஏலாது? கண் இருந்தாக் காணும். ஆனா ஒவ்வொராளும் தன்ர தன்ர பேரில தனித்தனியப் பாக்கோணும், அம்மா."

நாலு போனிலும் நாலு கணக்கு அவளே திறந்து தந்தாள். தனித்தனி என்றால் தனித்தனிப் போன் என்றுதான் நாங்கள் விளங்கிக்கொண்டோம். அவள் சொன்னதை வேறு எப்படி விளங்க இயலும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவேயில்லை.

முதல் படத்தைக் குறிக்க முதல் பிள்ளையைக் கேட்டேன்.

"நான் பிழையா அமத்தினா மேல நிக்கிற செய்மதிக்கு ஏதும் நடக்குமோ, பிள்ளை?"

சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஓம் பயத்தக்கா, நீங்கள் அமத்தின உடன அது வந்து எங்கட கூரையில விழும். ஒரு கையைத் தலையில வைச்சுக்கொண்டு மற்றக் கையால அமத்துங்கோ."

நான் உண்மையிலேயே தலையில் கை வைத்தேன் என்று அவள் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவாள். எனக்கு அப்படி ஞாபகம் இல்லை.

அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் அந்தக் கடையின் மணம் வரும். புதுத் துணியில் உள்ள கஞ்சி, மெசின் எண்ணெய், ராத்தா கொண்டுவருகிற கருவாட்டுப் பொரியல். பன்னிரண்டரைக்கு மெசின் நிற்கும். ஒரு மணிக்குத் திரும்பத் தொடங்கவேண்டும். அந்த அரை மணியில் சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம், மிச்சமெல்லாம் நட்சத்திரம். வெளியே யாழ்ப்பாணம் போகிற பஸ் கோர்ன் அடித்துக்கொண்டு போகும். உள்ளே நாங்கள் நாலு பேரும் போனுக்குள் தலையை விட்டபடி இருப்போம்.

வடிவங்களுக்கு நாங்களே பெயர் வைத்தோம். இணையத்தளத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது எங்களுக்கு விளங்கவில்லை. எங்களுக்குத் தெரிந்தது சட்டைக் கழுத்துத்தான். வெளிச்சம் மெதுவாக இறங்கி, கொஞ்ச நேரம் அடியில் தட்டையாகக் கிடந்து, திரும்ப ஏறினால் வட்டக்கழுத்து. அது கோளாக இருக்கலாம். கூராக இறங்கிக் கூராக ஏறினால் வி கழுத்து. அது அனேகமாக ஒன்றையொன்று மறைக்கிற இரண்டு நட்சத்திரம். அலை அலையாக ஏறி இறங்கினால் சுருக்கு வைத்த பாவாடை. நட்சத்திரத்தின் முகத்தில் மறு இருக்கிறதாம், அது சுழலும்போது அப்படித் தெரியுமாம். ஓட்டைக்குப் பக்கத்தில் புள்ளிகள் கண்டபடி சிதறினால் துணி விளிம்பில் தும்பு, அதை எடுக்கக்கூடாது. நாங்கள் சொன்னதைக் கேட்டுக் கடையக்காவின் மகள் தன் கம்பஸ் சிநேகிதிகளுக்கும் கழுத்துக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தாளாம்.

பதினோரு மணிக்கே சின்னவள் கேட்பாள், "இண்டைக்கு என்ன கழுத்து வரும் பயத்தக்கா?" வாடிக்கையாளர் ஒரு அம்மா அதைக் கேட்டுவிட்டு, "எனக்கு மூடின கழுத்துப் போதும் பிள்ளையள்" என்றா. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ராத்தாவுக்கு விக்கல் எடுத்தது.

பிறகு ஒரு புதன்கிழமை, அந்த நட்சத்திரம் என் போனில் வந்தது.

வரிசை அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டை தாண்டி, முக்கால் தூரத்தில், புள்ளிகள் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் இறங்கின. கீழே கிடந்தன. ஏறின. அவ்வளவுதான். முன்னும் பின்னும் ஒன்றும் இல்லை. நல்ல கைகாரி ஒருத்தி வெட்டின வட்டக்கழுத்து.

குறிக்கலாமா? குறித்துப் பிழையென்றால்? குறிக்காமல் விட்டு அது உண்மையென்றால்? விரலைத் திரைக்கு மேலே வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் தெரியாது. கடைசியில் வாயில் தானாக வந்தது அந்தச் சொல்தான்.

"சரியோ?"

மூன்று பேரும் எழும்பி வந்தார்கள். கடையக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "சரி" என்றா. ராத்தா, "வட்டக்கழுத்துத்தான் புள்ள, சரி" என்றா. சின்னவள் எட்டிப் பார்த்து, "சரி, சரி, கெதியா அமத்துங்கோ" என்றாள். நான் குறித்தேன். அந்தத் தளத்தில் ஒரு நட்சத்திரத்தின் எண்ணைக் கொடுத்தால் அதே படம் எந்தப் போனிலும் திறக்கும். நான் எண்ணை வாசிக்க வாசிக்க மூன்று பேரும் திறந்து, அதே இடத்தில் குறித்தார்கள். நாலு சரி. நான் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தேன்.

இரண்டு கிழமை கழிந்து கடையக்காவின் மகள் கம்பஸிலிருந்து போன் எடுத்தாள். ஒலிபெருக்கியில் போட்டோம். அவள் மூச்சு வாங்க வாங்கக் கதைத்தாள்.

"அம்மா, உங்கட நட்சத்திரத்தைப் பட்டியலில போட்டிருக்கினம்! தரையில இருக்கிற பெரிய தொலைநோக்கியால பாக்கிறதுக்கு. அது தனிய நிக்குதோ, இல்லாட்டிப் பக்கத்தில வேற ஒண்டு ஒட்டிக்கொண்டு நிண்டு ஏமாத்துதோ எண்டு அதால தெரியும். சரியா வந்தா, கட்டுரையில உங்கட நாலு பேரின்ர பேரும் வரும்."

கடையே கலகலத்தது. கடையக்கா அன்றைக்கு வந்த எல்லாருக்கும் சொன்னா. ஊசி வாங்க வந்த ஆளுக்கும் சொன்னா. ராத்தா தன் மகளுக்கு, "உன்ட உம்மாட பேர் அச்சில வரப்போகுது" என்று குரல் பதிவு அனுப்பினா. சின்னவள் அந்தக் கோளில் காணி பிரித்தாள்: தண்ணி உள்ள பக்கம் தனக்கு, மேட்டுக்காணி எனக்கு. "உங்களுக்குத்தான் வெள்ளப் பயம், பயத்தக்கா."

எனக்கும் சந்தோசம்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு பரிசும் வாங்காதவள் நான். என் பெயர் அச்சில் வந்தது குடும்ப அட்டையிலும் அடையாள அட்டையிலும் மட்டும்தான்.

சந்தோசம் நாலு நாள் இருந்தது. பிறகு தளத்திலிருந்து எங்கள் நாலு பேருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. நன்றி சொல்லி எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் முதல் வரியோடு விட்டுவிட்டார்கள். நான் விடுவேனா? முழுவதையும் போனில் தமிழாக்கிப் பார்த்தேன். அரைகுறைத் தமிழ்தான், என்றாலும் ஒரு இடம் தெளிவாக இருந்தது. இந்த நட்சத்திரத்தைத் தாங்கள் முன்னுக்கு எடுத்ததற்குக் காரணம், ஒருவரையொருவர் அறியாத நாலு பேர், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல், ஒரே இடத்தைக் குறித்திருப்பதுதான் என்று எழுதியிருந்தார்கள்.

அதை நான் மெசினில் இருந்தபடி வாசித்தேன். ஊசிக்குக் கீழே சேர்ட் கையொன்று பாதி தைத்தபடி கிடந்தது.

தனித்தனி என்று பிள்ளை சொன்னது அதைத்தானா? நாலு பேர் பார்த்ததென்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பார்த்தது நான் ஒருத்தி. மற்ற மூவரும் பார்த்தது என் முகத்தை. யோசிக்க யோசிக்க வெட்டும் மேசையும் நினைவில் வந்தது. அங்கேயும் மூன்றாம் ஆள் உண்மையில் அளந்தாளா, முதல் இரண்டு சரியையும் கேட்டுவிட்டுச் சொன்னாளா? நானே எத்தனை முறை நாடாவைத் துணியில் வைத்துவிட்டு இலக்கத்தைப் பாராமல் சரி சொல்லியிருக்கிறேன்?

மூன்று நாள் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் நட்சத்திரம் பட்டியலிலிருந்து போய்விடும். ராத்தாவின் பெயர் அச்சில் வராது. கடையக்கா ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டா. சொல்லாமல் விட்டால், எங்கேயோ ஒரு மலையில் பெரிய தொலைநோக்கி எங்கள் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் பார்க்கவேண்டிய வேறு யாருடையதோ நட்சத்திரம் பார்க்காமல் போகும். அந்த வேறு யாரோ உண்மையிலேயே தனியாகக் கண்ட ஆளாக இருந்தால்? அந்த மூன்று நாளில் இரண்டு சேர்ட்டுக்குக் கைகளை மாற்றித் தைத்தேன்.

மூன்றாம் நாள் கடையக்கா கேட்டா, "உனக்கு என்ன பிள்ளை, வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

சின்னவள்தான் முதல் தொடங்கினாள். "அவைக்கு என்னெண்டு தெரியும்? நாங்களும் கண்ணாலதானே பாத்தனாங்கள். பொய் சொன்னனாங்களே?"

"நீ பாத்தனியோடி?" என்று நான் கேட்டேன். "உண்மையைச் சொல்லு. படத்தைப் பாத்தோ சரி எண்டனீ?"

அவள் நூலைப் பிய்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு, "அண்டைக்கு எனக்குப் பசி" என்றாள்.

ராத்தா சிரித்தா. உடனேயே நிறுத்திவிட்டா. "நானும் நீ சொன்ன இடத்தத்தான் பாத்தேன் புள்ள. மத்த இடம் ஒன்றும் பாக்கல்ல. என்ட மகளுக்கு வேற சொல்லிப்போட்டேன்." பட்டன் டப்பாவை மூடினா, திறந்தா. "என்டாலும் இல்லாத சரியால வாற பேர் எனக்கு வேணாம்."

கடையக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. "கூறைச்சட்டை வெட்டின அண்டைக்கு நீ என்ன செய்தனீ?"

"போய்ச் சொன்னனான்."

"ஆர் சொல்லிப் போனனீ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"அப்ப இதுக்கு ஏன் என்னட்டைக் கேக்கிறாய்?"

அன்றைக்கே எழுதினோம். நான் அளவுக் கொப்பியில் பென்சிலால் எழுதினேன், கடையக்காவின் மகள் போனில் கேட்டு ஆங்கிலமாக்கினாள். நாங்கள் நாலு பேரும் ஒரே அறையில் இருந்து தைக்கிறவர்கள். துணி வெட்ட முதல் நாலு பேரும் சரி சொல்லுகிற வழக்கம் எங்களுக்கு உண்டு. அந்தப் பழக்கத்தில் இதையும் செய்துவிட்டோம். முதலில் கண்டது ஒரு ஆள். மற்ற மூன்றையும் எடுத்துவிடுங்கள். எங்களுக்கு விளங்காமல் நடந்தது. இவ்வளவுதான் எழுதினது. பிள்ளை அனுப்ப முதல் என்னைக் கேட்டாள், "அன்ரி, அனுப்பட்டோ?" நான் மூன்று முறை வாசிக்கச் சொல்லிவிட்டு அனுப்பச் சொன்னேன்.

பதில் வர ஒரு கிழமை எடுத்தது. அந்தக் கிழமை முழுக்க, தளத்திலிருந்து எங்களை வெளியே போட்டுவிடுவார்கள் என்றுதான் இருந்தேன். போடவில்லை. எழுதினது ஒரு பெண். சொன்னதற்கு நன்றி, இப்படி ஒருவரும் எழுதினதில்லை என்று எழுதியிருந்தா. மூன்று குறியையும் எடுத்துவிட்டார்கள். நட்சத்திரத்தைத் தொலைநோக்கிப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். என் குறி மட்டும் இருக்கும். வேறு யாராவது தானாகக் கண்டால் பிறகு பார்க்கலாம். துணி வெட்டுகிற வழக்கம் தனக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்றும் கீழே ஒரு வரி இருந்தது.

தளத்தில் அந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நாலு என்று இருந்த இலக்கம் ஒன்று ஆகியிருந்தது. ராத்தா அதைப் பார்த்துவிட்டு, "ஒன்று என்டாலும் உண்மையான ஒன்று" என்றா. எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. தனியாக நிற்கிற ஒன்று. பிழை என்றால் எனக்கு மட்டும் பிழை.

அதற்குப் பிறகு கடையக்கா புதுச் சட்டம் போட்டா. சாப்பாடு முடிந்ததும் நாலு கதிரையையும் நாலு சுவர்ப் பக்கம் திருப்பவேண்டும். ஒரு மணி வரை கதை இல்லை. "சரியோ" என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. வெட்டும் மேசையிலும் மாற்றம் வந்தது. அளந்த இலக்கத்தை ஒவ்வொருவரும் தனித்துண்டில் எழுதி, நாலு துண்டையும் ஒன்றாகத் திறப்போம். முதல் கிழமையிலேயே இரண்டு முறை துண்டுகள் ஒத்துவரவில்லை. அதுவரை நாங்கள் எத்தனை துணியைத் தெய்வாதீனமாக வெட்டியிருக்கிறோம் என்று நினைத்து எனக்கு நித்திரை வரவில்லை.

இப்போது அதிகம் நினைவில் வருவது அந்த அரை மணிதான். நாலு முதுகுகள். என் சுவரில் பழைய நாட்காட்டி ஒன்று தொங்கிய ஆணியும், சுண்ணாம்பு உரிந்த ஒரு திட்டும். சின்னவளுக்குக் கதைக்காமல் இருக்க இயலாது. மூக்கால் ஏதாவது சத்தம் போடுவாள். ராத்தா சப்புக் கொட்டினால் நல்லது ஏதோ வந்திருக்கிறது என்று தெரியும். திரும்பிப் பார்க்க மனம் அவதிப்படும். திரும்பமாட்டேன். ஒரு மணிக்குக் கடையக்கா மெசினை மிதிக்கும் சத்தம் கேட்டதும் நாலு பேரும் ஒரே நேரத்தில் கொட்டித் தீர்ப்போம். பயத்தோடுதான், என்றாலும் தனியாகக் குறித்தேன். என் வயதில் அது ஒரு புதுப் பழக்கம்.

கடை இப்போது இல்லை. இடத்துக்காரர் திருப்பிக் கேட்டார். கடையக்கா மகளோடு கொழும்பில் இருக்கிறா. சின்னவள் பூவரசங்குளத்தில் கலியாணம் முடித்து, இரண்டு பிள்ளைகள். ராத்தா முல்லைத்தீவில் வீட்டோடு தைக்கிறா. நானும் வீட்டில்தான் தைக்கிறேன். பன்னிரண்டரைக்கு மெசினை நிறுத்தி, சாப்பிட்டு, கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு இருப்பேன். வீட்டில் வேறு ஒருவரும் இல்லாத நேரம் அது, திருப்பத் தேவையில்லை. என்றாலும் திருப்புவேன். புதுப் படம் பார்க்க முதல், எங்கள் நட்சத்திரத்தின் பக்கத்தைத் திறந்து இலக்கத்தைப் பார்ப்பேன். ஒன்று. பூட்டை இழுத்துப் பார்க்கிறது மாதிரித்தான் அது.

போன கிழமை அது இரண்டாக இருந்தது.

போனை மூடித் திறந்தேன். இரண்டுதான். குறித்தவரின் பெயர் எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் இருந்தது. நான் குறித்த அதே இடம், ஓட்டை தாண்டி முக்கால் தூரத்தில். உடனே கொழும்புக்குப் போன் எடுத்தேன். இரண்டு தனித்தனிக் குறி இருப்பதால் இனி அதைத் திரும்ப வரிசையில் சேர்ப்பார்கள் என்று கடையக்காவின் மகள் சொன்னாள். வரிசையின் கடைசியில். எப்போது பார்ப்பார்களென்று தெரியாதாம். பார்த்தாலும் கோள் என்று வருமோ, வேறு நட்சத்திரம் ஒட்டிக்கொண்டு நிற்குமோ, அதுவும் தெரியாது. பின்னால் கடையக்கா, "என்னவாமடி? என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தா.

பிறகு ராத்தாவுக்கு எடுத்தேன்.

"ஆராம் புள்ள அது?"

"தெரியாது ராத்தா. பேரை வாசிக்கத் தெரியேல்லை. எந்த ஊர் எண்டும் தெரியாது."

"ஒருத்தர்ட்டயும் கேக்காமப் பாத்த ஆளோ?"

"அப்பிடித்தான் இருக்கோணும். எங்களை ஆரெண்டு அவைக்குத் தெரியாதுதானே."

அந்தப் பக்கம் மெசின் சத்தம் நின்றது.

"அப்ப சரி" என்றா.

போனை வைத்துவிட்டு அளவுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். திரையில் இருந்த எண்ணையும் கொப்பியில் இருந்த எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. என்றாலும் இன்னொருமுறை பார்த்தேன்.